சுவருக்கு அடிக்கிற நீலம்

போன மாசியில் எங்கள் ஊரில் நடந்த மயானக் கொள்ளையை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது. ஆட்டுக்குடலை மாலையாகப் போட்டுக்கொண்டு ஆடுவதையும், உயிருள்ள சேவலின் கழுத்தைக் கடித்துத் துப்புவதையும் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். ரத்தமெல்லாம் எனக்குப் பழக்கம். எனக்குக் குமட்டியது, கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நல்ல மனிதர்களைப் பார்த்துத்தான். அதில் பாதிப் பேர் தினமும் என் ஆட்டோவில் ஏறி இறங்குகிறவர்கள்.

நான் மொரப்பூர் ஸ்டேஷனுக்கும் எங்கள் ஊருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பெயர் பெரியண்ணன். எதிர்வீட்டு ராஜப்பன் மினி லாரி ஓட்டுகிறவன். பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போவான். அவன் பெண்டாட்டி அமுதவல்லி புளி தட்டப் போவாள். மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வருசத்தில் ஒரே ஒரு நாள், சிவராத்திரிக்கு மறுநாள், ராஜப்பன் அங்காளம்மன் வேஷம் கட்டுவான். கோயிலில் கிளம்பி ஊரைச் சுற்றிச் சுடுகாடு வரைக்கும் ஆடிக்கொண்டு போக வேண்டும். அவனுக்கு முகம் எழுதுகிறவள் அமுதவல்லிதான். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்த முறையில் ராஜப்பன் எனக்கு மச்சான்.

அவள் எழுதுகிற முகத்தைப் பார்க்க வேண்டும். நாடக சாமான் கடையில் வாங்கிய நீலத்தையும் வெள்ளையையும் தேங்காயெண்ணெயில் குழைத்து, நெற்றியிலிருந்து தொப்புள் வரை பூசுவாள். கண்ணைச் சுற்றி வெள்ளையைக் கன்ன எலும்பு வரைக்கும் இழுத்து, ஓரத்தில் சிவப்பு வைப்பாள். அப்புறம் மையைக் கனமாகத் தீட்டுவாள். கிட்டத்தில் பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கும். கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்தால் அந்தக் கண் நம்மையே பார்க்கும். "மிச்சம் எல்லாம் சும்மா ண்ணா. ஜனம் கண்ணத்தான் பாக்கும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ராஜப்பனுக்கும் கண்தான் எல்லாம். வாயில் தகரத்தில் செய்த செந்நிற நாக்கைக் கடித்துக்கொண்டு, அதன் கயிற்றைப் பிடரியில் முடிந்திருப்பான். சுடுகாட்டில் சேவலைக் கடிக்கும்போதுதான் அது கழற்றப்படும். அதுவரை பேச முடியாது. அதனால் கண்ணால்தான் பேசுவான். கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைப் பிடிப்பான். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிடுகிற வரைக்கும் பார்வையை எடுக்க மாட்டான். "ஒருத்தரப் புடிச்சாப் போதும் மச்சான். பக்கத்துல இருக்கற பத்துப் பேரு தானா வந்துருவாங்க" என்பான்.

அந்தத் தொழில்தான் இரண்டு மூன்று வருசமாக அவனுக்குப் படுத்துவிட்டது. எவன் முகத்தைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் போன். "யார் கண்ணப் பாக்கறது மச்சான்? எல்லாருக்கும் கேமராதான் இருக்குது, கண்ணே இல்ல" என்று இந்தக் கொள்ளைக்கு முந்தின வருசம் வேஷம் கலைத்த கையோடு என் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் தமிழ்ச்செல்வன் உள்ளே வந்தான். விழாக் கமிட்டியில் இளைஞர் அணி. கோயில் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி வீடியோ போடுகிறவன். கோயிலுக்கு ஒரு நாளும் விளக்குப் போட்டவன் அல்ல. கோயிலைப் படம் எடுப்பதற்கென்றே பிறந்தவன். அவனைப் பார்த்தாலே எனக்கு ஆகாது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் காலையிலேயே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ராஜப்பன் வீட்டுப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு. காலையில் வெறும் ராகிக் கூழ் குடித்திருந்தான். பக்கத்தில் தட்டி எடுத்த புளியின் ஓடு மலை மாதிரி குவிந்து கிடந்தது. சீசன் என்பதால் அமுதவல்லி வீட்டுக்கும் மூட்டை எடுத்துவந்து தட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் எல்லாம் வெடித்து, வெடிப்பில் புளி ஏறிக் கறுத்திருந்தன. அவள் தன் நீலத்தைக் குழைக்கத் தொடங்கும்போது தமிழ்ச்செல்வன் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தான்.

"அக்கா, அத வெய்யிங்க. இந்தக் கலர் பாருங்க."

டப்பாவுக்குள் நீலப் பொடி. கண்ணைப் பறிக்கிற நீலம், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"இது ஏதுப்பா?" என்றாள்.

"ஃபங்ஷனுக்கெல்லாம் அடிக்கறதுதாங்க்கா. பக்கத்தூர்க்காரனுங்க போன வருசம் போட்ட நீலம் வீடியோல தகதகன்னு இருந்துச்சு. நம்ம சாமி மட்டும் சாம்பல் பூசுன மாதிரி மங்கிக் கெடந்துச்சு. ஜனம் தள்ளிவுட்டுப் போயிட்டே இருக்குதுங்க்கா. கலரு அடிச்சாத்தான் கட்டவெரலு நிக்கும்."

"புதுக் கலருன்னா ஒரு நாள் முன்னாடியே முழங்கைக்கு உள்பக்கம் பூசிப் பாக்கணும்பா. ராத்திரி பூரா வெச்சு, அரிக்கலன்னாத்தான் மொகத்துக்குப் போவும். இப்ப வந்து குடுக்கற?"

"எண்ணெயிலதானக்கா கொழைக்கறீங்க? என்னா ஆயிரும்?"

அவள் ராஜப்பனைப் பார்த்தாள். அவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளைகள் மிட்டாய்க் கடையைப் பார்க்கிற பார்வை.

"பூசு வல்லி. பாப்பம்" என்றான்.

"வேணாங்க. மொதப் பொட்டு வெச்சுட்டா அப்பறம் கலைக்க முடியாது. தெரியுமில்ல?"

எங்கள் ஊரில் அது கட்டுத்திட்டம். வேஷத்தின் முதல் பொட்டை நெற்றியில் வைத்துவிட்டால், சுடுகாட்டில் சூறை இறைத்து முடிகிற வரைக்கும் வர்ணத்தைத் துடைக்கக் கூடாது. துடைத்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள்.

"தெரியும். பூசு" என்றான் மறுபடியும்.

பூசினாள். கண்ணைச் சுற்றி மட்டும் பிடிவாதமாகத் தன் பழைய வெள்ளையையே போட்டாள். பாதி உடம்பு முடிந்திருக்கும், கையை உதறினாள்.

"என்னமோ வெரலு காந்துதுங்க."

"புளி வெடிப்புல எண்ணெ பட்டாக் காந்தாதா? தெனமுந்தான் காந்துது" என்றான் அவன்.

அது சரிதான். புளி தட்டுகிற பெண்களுக்கு அந்த மூன்று மாசமும் எதைத் தொட்டாலும் விரல் எரியும். சோறு பிசைந்தால் எரியும், சோப்புப் போட்டால் எரியும். அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்து பூசினாள். வேறு யாராவது பூசியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். எரிச்சலோடு வேலை செய்தே பழகிய கை அவளுடையது.

முடித்து எழுந்து நின்றபோது எனக்கே கை தானாகக் கூப்பிக்கொண்டது. அப்படி ஒரு நீலம். தமிழ்ச்செல்வன் வாய் பிளந்து, "அண்ணா, தீயா இருக்கறீங்கண்ணா" என்று நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தான்.

மத்தியானம் பம்பை அடித்துக் கோயிலில் கிளப்பினார்கள். கொஞ்ச தூரம் வரைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான். ராஜப்பன் சூலத்தை ஏந்தி, முறத்தை இடுப்பில் அணைத்து, ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் போன். பெரிய ஆரவாரம் இல்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணி கொண்டுவந்து காலில் ஊற்றினார்கள். வேப்பிலையைத் தோய்த்து மேலே தெளித்தார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தை அறுத்து அவன் தலையில் பிழிந்தாள். வெயிலில் வேர்வையும் கொட்டியது.

எண்ணெய் இருந்தவரைக்கும் சும்மா இருந்த அந்தப் பொடி, தண்ணியும் வேர்வையும் பட்டதும் வேலையைக் காட்டிவிட்டது.

முதலில் தோளைச் சிலுப்பினான். அப்புறம் ஒரு காலில் குதித்தான். நெற்றியிலிருந்து நீலம் கரைந்து கோடு கோடாகக் கண்ணுக்குள் இறங்கியது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், பம்பைக்காரனே ஒரு நொடி அடியை நிறுத்திவிட்டான். நாக்குத் தகரம் வாயில் இருந்ததால் அது பேச்சாக வரவில்லை. மாடு கத்துவது போல வந்தது.

கூட்டம் பொங்கியது. எங்கள் ஊரில் நான் அப்படி ஒரு குலவையைக் கேட்டதே இல்லை. "ஆத்தா வந்துட்டா! ஆத்தா எறங்கிட்டா!" என்று ஆண்களும் பெண்களும் கத்தினார்கள். பம்பை இரண்டு மடங்கு வேகம் எடுத்தது. அவன் வலி தாங்காமல் சுழன்றால் குலவை. கண்ணைக் கசக்கப் போனால் இரண்டு பேர் கையைப் பிடித்துச் சூலத்தை மறுபடி திணித்தார்கள். எரிந்துகொண்டிருக்கிற மனுசனைச் சுற்றி நூறு போன்கள். அவனவன் நல்ல இடம் பிடிக்கப் பக்கத்தில் இருப்பவனை இடித்துத் தள்ளினான். த்தூ.

அமுதவல்லி கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்து என் சட்டையைப் பிடித்தாள்.

"ண்ணா, அது அருள் இல்ல. அவரு ஆட்டம் எனக்குத் தெரியாதா? அவருக்கு எரியுதுண்ணா. கண்ணு எரியுது. என் கையப் பாருண்ணா!"

அவள் விரல்கள் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தன. கண் போனால் அவன் லாரி ஓட்ட முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் முண்டியடித்து முன்னால் போனோம்.

அதற்குள் வேண்டுதல்காரர்கள் படுத்திருந்த இடம் வந்துவிட்டது. பிள்ளை வரம் கேட்கிறவர்கள், பேய்க்குணம் என்கிறவர்கள், தெருவில் குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். சாமி அவர்களைத் தாண்டிப் போக வேண்டும். ராஜப்பன் ஒவ்வொரு வருசமும் மேலே மிதிப்பது போல் காட்டி, பாதத்தைப் பக்கத்து மண்ணில்தான் ஊன்றுவான். அன்றைக்கு அவனுக்குத் தரையே தெரியவில்லை. நிஜமாக மிதித்தான். எங்கள் தெரு பூவிழி, கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத பெண், அவள் விரல்மேல் சலங்கைக் காலோடு ஏறி நின்று சுழன்றான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அலறினாள். அவள் மாமியார் என்ன சொன்னாள் தெரியுமா?

"அழுவாதடி! ஆத்தா அமுத்தி மிதிச்சிருக்கறா. இந்த வருசம் தங்கிரும்!"

பூவிழி அழுகையை விழுங்கிக்கொண்டு அந்தக் கையாலேயே கும்பிட்டாள்.

அமுதவல்லி வேறு எதையும் யோசிக்கவில்லை. நேராகப் போய் ராஜப்பன் பிடரியில் இருந்த முடிச்சை அறுத்து நாக்கைப் பிடுங்கி எறிந்தாள். பம்பை நின்றது. கூட்டம் கப்பென்று அடங்கியது.

"சொல்லுங்க! வாயத் தொறந்து இவங்ககிட்டச் சொல்லுங்க!" என்றாள்.

அவன் கண்ணைத் திறக்க முடியாமல், முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்று, குழந்தை மாதிரிச் சொன்னான்.

"தண்ணி... தண்ணி ஊத்துங்க. எரியுது."

கமிட்டித் தலைவர் நஞ்சப்பன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். ரிட்டயர்டு ஆபீசர். நாலும் தெரிந்தவர்.

"கேட்டீங்களாய்யா! ஆத்தா வாயத் தொறந்து தண்ணி கேட்டுட்டா! ஏரி வறண்டு கெடக்குது, அதச் சொல்றா! கொண்டாங்க தண்ணிய!"

அவ்வளவுதான். தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. குடம் குடமாக ஊற்றினார்கள். எங்கே? காலில். பாதத்தில் மட்டும். ஒரு சொட்டு இடுப்புக்கு மேலே போகவில்லை. சாமிக்குப் பாதத்தில்தானே ஊற்றுவார்கள். காலடியில் சேறு குழம்பிற்று, அந்தச் சேற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்கள். மேலே அவன் முகம் வெந்துகொண்டிருந்தது.

"மூஞ்சியில ஊத்துங்கடா பாவிங்களா! அது சாமியில்ல, எம் புருசன்! கலரு பட்டு வேவறாருடா!" என்று கத்திக்கொண்டே அமுதவல்லி ஒரு குடத்தைப் பிடுங்கி அவன் முகத்தில் அடித்தாள். இரண்டாவது குடத்துக்குப் போவதற்குள் நாலு பெண்கள் அவள் கூந்தலைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார்கள்.

"வேஷத்தக் கலைக்கப் பாக்கறயாடி? ஊரு நாசமாப் போவணுமா?"

"புருசனுக்கு வந்த மவுசு பொறுக்கல இவளுக்கு."

நான் குறுக்கே போனேன். தமிழ்ச்செல்வன் என் தோளைப் பிடித்து, "அண்ணா, லைவ் போயிட்டு இருக்குது, ஃப்ரேம்ல நிக்காதீங்க" என்றான். அவனை அறைந்தேன். போன் கீழே விழவில்லை, அதுதான் என் வருத்தம். எனக்கும் நாலு விழுந்தது. அதற்குள் நாக்கைத் தேடி எடுத்து, மண்ணைக்கூடத் துடைக்காமல் ராஜப்பன் வாயில் திணித்துக் கட்டி, இரண்டு பக்கமும் தாங்கிச் சுடுகாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அங்கேயும் எல்லாம் முறைப்படி நடந்தது. நாக்கைக் கழற்றிச் சேவலை வாய்க்குக் கொடுத்தார்கள், கடித்தான். ரத்தமும் நீலமும் நெஞ்சில் வழிந்தது. பயறும் உப்பும் சில்லறையும் வாரி இறைத்தார்கள். சூறை அள்ளுவதற்கு ஜனம் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தபோதுதான் அவனைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். அவன் சாம்பல் மேட்டில் சாய்ந்தான். நானும் அமுதவல்லியும் தூக்கி ஆட்டோவில் போட்டோம். ஒருத்தன் உதவிக்கு வரவில்லை. பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணில் தண்ணியை ஊற்றிக்கொண்டே, "என்ன கலர் இது, டப்பா இருக்கா?" என்று கேட்டார். நான் தமிழ்ச்செல்வனுக்குப் போன் போட்டேன்.

"டேய், அந்தப் பொடி எங்கடா வாங்குன?"

"வாங்கலீங்கண்ணா. எங்க மாமா வூட்டுக் காம்பவுண்டு செவுத்துக்கு அடிச்ச சிமென்ட் கலரு. மீதி இருந்துச்சு."

"சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்ததுடா அது! மனுசன் மேல பூசற சாமானாடா?"

"எனக்கென்னாண்ணா தெரியும். செவுத்துல நல்லாத்தான் புடிச்சிருந்துச்சு" என்றான்.

டாக்டரம்மா ராத்திரி வெளியே வந்து, வலது கண் போய்விட்டது என்றும், இடது கண்ணை மருந்து போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அமுதவல்லி அழவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆத்தா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணா. அவ என்னா பண்ணுவா. இந்த ஜனத்த நெனச்சாத்தான் ஓங்கரிக்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து நிஜமாகவே எழுந்து போய் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலையில் இட்லி வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். ராஜப்பன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணுக்கும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. காதோரத்தில், விரல் இடுக்கில், எங்கெங்கோ நீலம் போகாமல் ஒட்டியிருந்தது. அமுதவல்லி கட்டுக் கையில் ஸ்பூனைப் பிடித்து இட்லியை ஊட்டினாள். ரெண்டு வாய் தின்றுவிட்டு அவன் கேட்டான்.

"மச்சான், அந்த வீடியோவ எத்தினி பேரு பாத்திருக்கறாங்க?"

அமுதவல்லியின் கை பாதி வழியில் நின்றது.

"தமிழு காலையில போன் பண்ணான். லட்சக்கணக்குல போவுதாம். டெல்லியிலகூடப் பாக்கறாங்களாம். அதப் போடு மச்சான், சத்தம் கேக்கறேன்."

"மச்சான், உன் கண்ணு..."

"கண்ணு கெடக்கட்டும். போடு."

அவன் போனில் போட்டுக் கொடுத்தேன். குலவைச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். ராஜப்பன் கட்டுக்குக் கீழே சிரித்தான். நான் பார்த்த அருவருப்பான காட்சிகளில் அந்தச் சிரிப்பைத்தான் முதலில் வைப்பேன்.

"கேட்டியா வல்லி? இத்தினி வருசம் கண்ணு கண்ணுன்னு உருட்டி உருட்டிப் பாத்தேன். ஒரு நாயும் திரும்பல. நேத்து நான் யாரையும் பாக்கவே இல்ல. எப்பிடிக் கத்துறாங்க பாரு."

"நீங்க எரிஞ்சீங்க. அதுக்குக் கத்துனாங்க" என்றாள்.

"எதுக்கோ. கத்துனாங்களா இல்லியா?" என்றான். பிறகு, தக்காளிக் கூடை அடுக்குவதைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். "அடுத்த வருசம் நெத்திக்கு மட்டும் நம்ம பழைய நீலத்தப் பூசிரு. கண்ணுக்கு எறங்காது. ஒடம்புக்கு அதே இருக்கட்டும்."

அமுதவல்லி இட்லிப் பொட்டலத்தை மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அழுகிய பழத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டவள் மாதிரி கையை ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

"ஒரு கண்ண ஊர்க்காரனுங்க தின்னுட்டாங்க. மிச்சத்தயும் நீயே அவனுங்களுக்கு ஊட்டிவுடு. எங்கையி இனிமே உன் மொகத்துல படாது."

கட்டின புருசனை அவள் நீ என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவன் காதில் அது விழவில்லை. போனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜனம் கத்துவதைத் திரும்பவும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.